நாலு சுவரைச் சுற்றிய சாலை

"இந்தச் செவுத்தப் பாத்தா எனக்கே அழுகை வருது, பிள்ளைங்க அழாம என்ன செய்யும்?" என்று ஆய்வுக்கு வந்த அம்மாள் தன்கூட வந்த கிளார்க்கிடம் தாழ்ந்த குரலில் சொன்னது, ஜன்னலுக்கு வெளியே பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பூமாரியின் காதில் விழுந்தது. கருஞ்சோலை எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் அவள் ஆயாவாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்குத் தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும் வழியில் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள், பிள்ளைகள் அழும், பத்து மணி வரைக்கும் அழும். அது பிள்ளைகளின் குணம் என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் திரும்பி, புகையும் ஈரமும் சேர்ந்து யானைத் தோல் போல ஆகியிருந்த அந்த நாலு சுவர்களையும் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது மகள் தவமலர் சிரித்தாள்.

"செவுரு அழுவுதுன்னா மூஞ்சி கழுவி விடுவோம்மா. பெயிண்ட் மட்டும் வாங்கிக் குடு."

தவமலர் மலைமேல் இருந்த கல்லூரியில் சரித்திரம் படித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். காளி கோயில் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் போர்டு எழுதுவது, வாலிபால் டீம் பனியன்களில் பேர் எழுதுவது என்று அவள் கை சும்மா இருந்ததில்லை. பூமாரிக்கு அந்த வருஷக் கடைசியில் ஐம்பத்தெட்டு முடிகிறது. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் ஆபீசில் பேர் பதிந்து கொழுந்துக்கூடையைத் தூக்கினால் வீடு அப்படியே தொடரும். மகள் பேர் பதிவாள் என்று பூமாரி இருந்தாள். மகள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். இரண்டு பேரும் இதை மட்டும் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு, ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தார்கள்.

ஃபாக்டரியில் மெஷினுக்கு அடித்து மீந்த பச்சை, செக்போஸ்ட் கம்புக்கு அடித்து மீந்த மஞ்சள், ரோட்டோர மரங்களுக்கு அடிக்கும் வெள்ளை, தரைக்குப் போடும் ரெட் ஆக்ஸைடு, எங்கிருந்தோ ஒரு டப்பா கறுப்பு, இவ்வளவுதான் கிடைத்தது. இவ்வளவை வைத்துக்கொண்டு தவமலர் முதலில் போர்டுகள் எழுதினாள். வாசலில் காப்பகத்தின் பெயர், தொட்டிக்கு மேலே கை கழுவும் குரங்கு, செருப்பு விடும் இடத்தில் செருப்பைத் தலையில் வைத்திருக்கும் முயல். பிறகு சுவருக்கு வந்தாள். கதவின் இடப்பக்கத்தில் எஸ்டேட்டை வரைந்தாள், அங்கிருந்து கிளம்பி மலையிறங்கும் சாலையை வரைந்தாள், முப்பது வளைவுகளில் சுவரில் அடங்கிய பதினேழுக்கும் ஒவ்வொன்றாக எண் போட்டு, 'யானை கடக்கும் இடம்', 'மெதுவாகச் செல்லவும்' என்று சின்னச்சின்ன மஞ்சள் பலகைகள் நட்டு, ஒரு சுவர் முடிந்ததும் அடுத்த சுவருக்குத் திருப்பி, நாலு சுவரையும் சுற்றி, கதவின் வலப்பக்கம்வரை கொண்டுவந்து நிறுத்தினாள்.

பிள்ளைகள் அழுகையை நிறுத்தியது அன்றைக்குத்தான். தீப்பெட்டிகளைப் பஸ்ஸாக்கி, சுவரில் தேய்த்தபடி வளைவு வளைவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். கதவின் வலப்பக்கம் வந்ததும் சாலை முடிந்துவிடும், தீப்பெட்டி அந்தரத்தில் நிற்கும், உடனே எல்லாரும் சேர்ந்து ஓலமிடுவார்கள். பூமாரியால் பொறுக்க முடியவில்லை. "ஏட்டி, ரோட்டை இப்படி அந்தரத்துலயா விடுவ? கதவுக்கு மேல கொண்டுபோயி சேத்து விட்டுரு, சுத்திக்கிட்டே கெடக்கட்டும்" என்றாள். தவமலர் ஸ்டூலைப் போட்டு ஏறி, நிலைப்படிக்கு மேலே சாலையை வளைத்து, முடிவைத் தொடக்கத்தோடு சேர்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டே வந்து வரிசையில் நின்றது. என்னையும் போடு, என் கூடையையும் போடு, நான் கொஞ்சம் கலராகத்தான் இருப்பேன், என் மாமியார் பக்கத்தில் என்னை நிறுத்தாதே. இப்படிக் கேட்டுக் கேட்டு, நானூற்றுச் சொச்சம் பேரும் பிள்ளைகளும் அந்தச் சாலையோரம் வந்து சேர்ந்தார்கள். எஸ்டேட் துரை மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய ஜீப்பை மட்டும் வரைந்தாள். தன்னை அவள் வரைந்துகொள்ளவில்லை. "உன்னை எங்கடி?" என்று கேட்டவர்களிடம், "வரையிறவ செவுத்துக்கு வெளியதான நிக்கணும்" என்றாள்.

கோயில் சிலைக்குக் கண் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பதால் அவளும் எல்லா உருவங்களையும் கண்ணில்லாமலே முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் கூடி நின்று பார்க்க, சூடம் காட்டி, நானூற்றுச் சொச்சம் பேருக்கும் கண் திறந்துவிட்டாள். லாரி கிளீனர் அற்புதராஜுக்கு மட்டும், அவன் உருவம் கதவுக்குப் பின்னால் மறைந்திருந்ததால், மறந்துபோனது.

மறுநாள் காலை பஸ்ஸில் கீழே போனவர்கள் பதினேழாவது வளைவு தாண்டியதும், மேலே ஏறி வருகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அதே பை, கையில் அதே டிக்கெட். மேலே வந்த பஸ்ஸின் கண்டக்டர், இது இறங்குவதற்கு எடுத்த டிக்கெட், ஏறுவதற்கு வேறு எடுக்க வேண்டும் என்று சண்டை போட்டார். கொழுந்து பறிக்கும் லூர்துமேரி, "நாங்க எங்கய்யா ஏறுனோம்? ஏறுன ஆளுகிட்டதான டிக்கெட் கேக்கணும்?" என்று கேட்டாள். நடந்து போனவர்களும் அப்படியே திரும்பினார்கள். காட்டுவழியாகப் போனவர்கள் கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். துரையின் ஜீப் மட்டும் ஆளில்லாமல் திரும்பி வந்தது. துரை பதினேழாவது வளைவில், ஸ்டியரிங் பிடித்த கையோடு, ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் அழுதார்கள். ஒரு வாரம் நேர்ச்சை போட்டார்கள். பிறகு சுவரிடம் போனார்கள். கதவுக்கு மேலே சாலை சேருமிடத்தில் சுண்ணாம்பு அடித்தார்கள், மூன்று நாள் தன் கை தனக்குத் தெரியாத மூடுபனி மலையை மூடிக்கொண்டது, சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்தபோதுதான் விலகியது. சுரண்டிப் பார்த்தார்கள், பதினேழாவது வளைவின் விளிம்பு ஒரு பலாமரத்தோடு சரிந்து பள்ளத்தில் விழுந்தது. தவமலர் ஒரு கிளைச் சாலை வரைந்து பார்த்தாள். அவள் எவ்வளவு நீட்டினாலும் அது சுவரின் மூலையில்தான் போய் நின்றது, மறுநாள் மலையிலும் ஒரு கிளைச் சாலை இருந்தது, அதில் ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் இரண்டு பாறைகள் மூலையாகச் சேருமிடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். தொழிலாளர் தலைவர் சிவனணைந்தான், மண்ணெண்ணெய்த் துணியால் தன் உருவத்தின் வலது கண்ணைத் துடைத்தார், அவருக்கு வலது கண் தெரியாமல் போனது. மறுபடி வரைந்த பிறகு பார்வை வந்தது, ஆனால் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதோடு துரை ஒரு உத்தரவு போட்டார், காப்பகச் சுவரை எவரும் தொடக் கூடாது என்று. அந்த மாதம் ஒருவர்கூட லீவு எடுக்கவில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

மழைக்காலம் வந்தது, பழகிப்போனது. கல்யாணங்களை மலைக்கு மேலேயே முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, அழைத்துப் போக முடியாது என்று தெரிந்ததும் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகத் துணிப்பை கட்டி வைத்திருந்த இளவட்டங்கள் பையை அவிழ்த்தார்கள், அவர்களுடைய தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சுவருக்கு ஒரு பூ வைத்தார்கள். கீழிருந்து ஆட்கள் வந்து பார்த்து, சுவரை அளந்து, டீ குடித்து, இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு வழி இருந்தது. அற்புதராஜுக்கும் வழி இருந்தது. கண் திறக்காத அவன் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை கீழே போனான், பிறகு வரவேயில்லை.

ஊருக்காக இறங்கி ஏற மிச்சம் இருந்தது, சுவரில் இல்லாத தவமலர் ஒருத்திதான்.

வாரம் மூன்று நாள் அவள் இறங்கினாள். பிரஷர் மாத்திரை, கொலுசு, தைக்கக் கொடுத்த ஜாக்கெட், ஹாஸ்டலில் இருக்கும் மகன் இளைத்துவிட்டானா என்று பார்த்துவருவது, மருமகளுக்குப் பிறந்த குழந்தையை மோந்து பார்த்துவிட்டு வந்து வாசனை எப்படி என்று சொல்வது. சாவுக்கும் அவள்தான் போனாள். யாருக்காக, என்ன உறவுமுறை சொல்லி அழ வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் முன்பின் தெரியாத வீடுகளில் போய், "ஏ என்னைப் பெத்த சின்னம்மா" என்று அழுதாள். மலைமேல் திரும்பியதும் பஸ் நிற்கிற இடத்தில் ஊர் நிற்கும். அவள் இறங்குவதற்குள் பத்துக் கைகள் பையைப் பிடிக்கும். அவள் வயதுப் பெண்கள் அவளைப் பார்த்து, "உனக்கென்னடி, ராசாத்தி, நெனச்சா எறங்குற" என்பார்கள். இரவில் அவள் கால்களைப் பூமாரி வெந்நீரில் வைத்து அமுக்கும்போது, அவள் தூக்கத்திலேயே கடைக்காரரிடம் மாத்திரை பெயர் சொல்வாள்.

லூர்துமேரியின் புருஷன் சவரிமுத்து நாலு வருஷமாகக் கீழே ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கிறான், வீட்டுப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. ஒருநாள் லூர்துமேரி காப்பகத்துக்கு வந்து தவமலரின் காலைப் பிடித்துக்கொண்டாள். "எம் பக்கத்துல ஒரு ஆம்பள உருவம் போடு தாயி. போட்டுக் கண்ணைத் திற. வராட்டிப் போறான், படமாவது இருக்கட்டும்." தவமலர் போட்டாள். சாயங்கால பஸ்ஸில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தான், கையில் பாதி உரித்த தேங்காய். லூர்துமேரி ஆரத்தி எடுத்தாள். அன்றிலிருந்து அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். சோறு போட்டால் சாப்பிடுகிறான், கூப்பிட்டால் திரும்புகிறான். "ஆளு வந்துட்டாரு மதினி," என்று லூர்துமேரி ஒருநாள் பூமாரியிடம் சொன்னாள், "ஆனா இன்னும் எங்கிட்ட வந்து சேரல."

இருபத்து மூன்று பேர் தங்கள் தங்கள் ஆட்களை வரையச் சொல்லிக் கேட்டார்கள். தவமலர் சவரிமுத்துவின் முகத்தைப் பார்த்திருந்தாள், அதனால் ஒருவரையும் வரையவில்லை. எல்லாருக்கும் அதில் கோபம்தான்.

கார்த்திகையில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர் வேலை, நேரில் வந்து பார்க்கவும். கடிதம் தபால் பையிலிருந்து அவள் கைக்கு வருவதற்குள் எஸ்டேட் முழுக்கப் படித்துவிட்டது. அன்று சாயங்காலமே சிவனணைந்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"போகக் கூடாதுன்னு நாங்க சொல்லல பூமாரி தங்கச்சி. நல்லாப் படிச்ச பிள்ளை. ஆனா அற்புதராஜ் மாதிரி போயிட்டான்னா? யாரு மாத்திரை வாங்குவா, யாரு எழவுக்குப் போவா? எங்களுக்கு ஒரு பிடிமானம் வேணும்."

"என்ன பிடிமானம்ணே?"

"செவுத்துல அவளையும் போட்டுக்கட்டும். கண்ணு வேணாம். கண்ணு இல்லாம முழு உருவம். அவபாட்டுக்குப் போவட்டும், வரட்டும். வராம இருந்தா மட்டும் கண்ணைத் திறப்போம். சாயங்கால பஸ்ஸுல வந்துருவா."

"மாட்டுக்குக் கூட மூக்கணாங்கயிறு போடும்போது இவ்வளவு யோசிக்க மாட்டாங்கம்மா," என்று தவமலர் அம்மாவிடம் சொன்னாள், அவர்கள் போன பிறகு.

பூமாரி அடுப்பை ஊதிக்கொண்டே, மகளைப் பார்க்காமல் சொன்னாள். "போட்டுக்க மலரு. எனக்காகப் போட்டுக்க. வருஷக் கடைசி வருது. நீ பேர் பதியலைன்னா சாவிய வாங்கிருவாங்க. முன்னாடியெல்லாம் வீடு போச்சுன்னா கீழ போயி ஒரு குடிசை போட்டுக்குவாங்க, எனக்கு அதுவும் கெடையாது. பதினேழாவது வளைவுக்கு இங்கிட்டு நான் எங்கேன்னு போயி படுப்பேன்?"

தவமலர் மறுநாள் போய், சாலையோரத்தில், தேயிலைச் செடிகளுக்குள் இடுப்புவரை மறைந்து நிற்கிற மாதிரி, தன்னை வரைந்துகொண்டாள். தோளில் பை. நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. காப்பகத்தின் சாவி பூமாரியிடம் இருந்ததால் தூரிகையையும் அவளிடமே கொடுத்து வைத்தார்கள். தாயை விடவா நாம் என்று சிவனணைந்தான் சொன்னார்.

திங்கட்கிழமை போனவள் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் அவளுக்குப் பதிலாக ஒரு பெரிய சாக்குப்பை வந்தது. உள்ளே மாத்திரைகள், கொலுசு, சவரிமுத்துவின் பீடிக்கட்டு உட்பட எல்லாம், ஒவ்வொரு பொட்டலத்திலும் அவள் கையெழுத்தில் ஒவ்வொரு பெயர். பூமாரி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். தன் பெயருக்கு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் சொல்லலியா கண்டக்டரே?"

"சொல்லலம்மா. படியில ஒரு காலை வச்சுக்கிட்டு நின்னுச்சு. நானும் ஏறப் போவுதுன்னு விசில் அடிக்காம நின்னேன். டிரைவர் ஹாரன் அடிச்சாரு. காலை எடுத்துக்கிச்சு."

ஒரு மணி நேரத்தில் காப்பகம் நிறைந்துவிட்டது. தாய்மார்கள் கூடையோடு நின்றார்கள், பிள்ளைகள் அவர்கள் கால்களுக்கிடையில் நின்றார்கள், சுவரில் நின்ற நானூற்றுச் சொச்சம் பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யார் வெளியே யார் சுவரில் என்று பூமாரிக்கு ஒரு நிமிஷம் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நேரத்தக் கடத்தாத தங்கச்சி," என்றார் சிவனணைந்தான். "இப்பத் திறந்தா அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவா."

"திங்கக்கிழமை ஆபீஸ்ல பேர் பதிஞ்சிரலாம்," என்றாள் லூர்துமேரி, பூமாரியின் தோளைத் தொட்டு. "வீட்டைப் பத்திக் கவலையே இல்ல மதினி. நெனச்சுப் பாரு. வெளிய தள்ளிட்டாங்கன்னா நாங்க எத்தன நாளு வச்சுக்குவோம்? உண்மையத்தான் சொல்றேன், எங்க வீட்டுலயும் ஒரே ரூம்புதான்."

"தெரியும்," என்றாள் பூமாரி.

அவள் கூட்டத்தில் சவரிமுத்துவைத் தேடினாள். கதவோரம் நின்றிருந்தான், கை சும்மா இருக்கமாட்டாமல் இல்லாத தேங்காயை உரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு? பஸ்ஸுக்கு வந்தப்ப?"

அவன் யோசித்தான். ஊருக்கு வந்த பிறகு யாரும் அவனிடம் கேள்வி கேட்டதில்லை. "பாதி உரிச்சிருந்தேங்க்கா," என்றான். "மீதிய முடிச்சிட்டு டீ குடிக்கலாம்னு இருந்தேன். இன்னும் அந்த டீயக் குடிக்கல."

யாரோ சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை.

"பூமாரி," என்றார் சிவனணைந்தான், 'தங்கச்சி' என்ற சொல்லை விட்டுவிட்டு. "நீ திறக்கிறியா, நான் திறக்கட்டுமா?"

"நான்தான் பெத்தேன். நானே செய்யுறேன். அந்தக் கறுப்பு டப்பாவ எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டூலைப் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சூடம் ஏற்றினார். பூமாரி ஏறி நின்றாள், ஆள்காட்டி விரலால் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுவர் குளிர்ந்திருந்தது. தூரிகையைக் கறுப்பில் முழுக்க முக்கி எடுத்து, நெற்றியிலிருந்து கீழே இழுத்தாள். புருவத்தின் மேல் இழுத்தாள், கண் இருக்க வேண்டிய இடத்தின் மேல், மூக்கின் மேல், வாயின் மேல் இழுத்தாள். பின்னால் எழுந்த சத்தத்துக்குத் திரும்பாமல், இனிக் கண் திறக்க இடமே இல்லாதபடி முகம் முழுவதையும் கூந்தலால் மூடி, நடுவில் வகிடு எடுத்து, மூன்று கால் பிரித்து, எல்லாருக்கும் முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து நிற்கும் பெண்ணுக்குப் பின்னுவதைப் போல, தேயிலைச் செடிவரைக்கும் இறக்கிப் பின்னலை முடித்து, ரெட் ஆக்ஸைடைத் தொட்டு, நுனியில் ஒரு ரிப்பன் கட்டினாள்.